சுருளுக்குச் சுருள் மாறும் தகடு: ஓடும் பிரஸ்ஸில் அளப்பதன் பலமும் குறையும்

கார்க் கதவின் உள்தகட்டை வடிக்கும் பிரஸ் நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முறை இறங்கி ஏறுகிறது. ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு புதுத் தகடு. டை அதேதான், பிரஸ் அதேதான், பக்கத்தில் நிற்கும் ஆளும் அதே ஆள்தான். ஆனாலும் காலையில் சுத்தமாக வந்த பேனலில், மதியத்துக்கு மேல் கீழ் மூலையில் முடிபோல ஒரு விரிசல் தலைகாட்டுகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், அம்பத்தூர், ஓசூர் என்று எந்த வட்டாரத்து பிரஸ் ஷாப்பிலும் இது அன்றாடச் சங்கதி. ‘காயில் மாறிடுச்சு சார்’ என்பதே பெரும்பாலும் வரும் பதில். அது உண்மையாகவும் இருக்கலாம். டையில் எண்ணெய் காய்ந்ததையோ தகட்டின் விளிம்பைப் பிடிக்கும் குஷன் அழுத்தம் இறங்கியதையோ மூடிமறைக்கும் சாக்காகவும் இருக்கலாம். எது என்று அந்த நிமிடத்தில் அடித்துச் சொல்ல யாரிடமும் எண் இருப்பதில்லை.

அந்த எண்ணை ஓடும் பிரஸ்ஸிலேயே எடுத்துவிடலாம் என்கிறது இன்றைய தொழில்நுட்பம். தகட்டை வெட்டாமல், வரிசையை நிறுத்தாமல், டைக்குள் போகும் ஒவ்வொரு தகட்டின் குணத்தையும் சென்சார் படித்துவிடும் என்கிறார்கள் கருவி விற்பவர்கள். இந்த வழக்கத்தை எடைபோடுவதே இக்கட்டுரையின் வேலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டத்தில் அளப்பது பரவ வேண்டிய நல்ல வழக்கம். ஆனால் அந்தக் கருவி நம்பகமாகக் காட்டுவது, தகடு நேற்றிலிருந்து இன்று எவ்வளவு மாறியது என்பதைத்தான். தகட்டின் வலிமை இத்தனை என்று தீர்ப்பெழுத அதைப் பயன்படுத்தினால், அது உதவுவதைவிட ஏமாற்றுவதே அதிகம்.

சான்றிதழ் சொல்லாதது

இன்று பெரும்பாலான பிரஸ் ஷாப்புகள் நம்பியிருப்பது உருக்காலை தரும் மில் சர்டிஃபிகேட்டை. அதில் என்ன இருக்கிறது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆழமாக வடிப்பதற்கென்று இருக்கும் டிசி04 என்ற ஐரோப்பியத் தரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் யீல்டு, அதாவது தகடு பழைய நிலைக்குத் திரும்பாமல் நிரந்தரமாக வளையத் தொடங்கும் அழுத்தம், 140 முதல் 210 மெகாபாஸ்கலுக்குள் இருக்க வேண்டும். இழுவலிமை 270 முதல் 350 வரை. 80 மி.மீ. அளவுநீளத்தில் நீட்சி குறைந்தது 38 விழுக்காடு. இந்த வேலிக்குள் எங்கே இருந்தாலும் சுருள் தேர்ச்சி பெற்றுவிடும். 150-இல் ஒரு சுருள் வரும், அடுத்தது 205-இல் வரும். இரண்டின் சான்றிதழிலும் ஒரு பொய்யும் கிடையாது. ஆனால் டையைப் பொறுத்தவரை அவை இரண்டும் வெவ்வேறு உலோகம்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 0.8 மி.மீ. தடிமனும் 1,250 மி.மீ. அகலமும் உள்ள தகடு மீட்டருக்கு 7.85 கிலோ எடை. 15 டன் சுருளை விரித்தால் ஏறக்குறைய 1,900 மீட்டர். 1.3 மீட்டருக்கு ஒரு வெட்டு என்றால் 1,400-க்கும் மேற்பட்ட தகடுகள். நிமிடத்துக்குப் பத்து வீதம் ஓட்டினால் இரண்டரை மணி நேரத்தில் சுருள் தீர்ந்துவிடும். இத்தனைக்கும் சேர்த்துச் சாட்சி சொல்வது சுருளின் ஒரு முனையில் வெட்டிய, 20 மி.மீ. அகலமே உள்ள ஒரு சோதனைத் துண்டு. சுருளின் முனையும் நடுவும் ஆலையில் ஒரே வேகத்தில் ஆறுவதில்லை; அனீலிங் உலையிலும் ஒரே வெப்பத்தைப் பெறுவதில்லை. ஆகவே முனையின் குணமே நடுவின் குணம் என்பது அனுமானம்தான்.

பிரஸ் ஷாப்பே சொந்தமாகச் சோதித்துக்கொள்ளலாமே என்றால், துண்டை வெட்டி, ஓரத்தை மில்லிங் செய்து, இழுப்பு எந்திரத்தில் பூட்டி, அறிக்கை கைக்கு வருவதற்குள் அந்தச் சுருளே முடிந்து பேனல்கள் லாரி ஏறியிருக்கும். விடை சரிதான், ஆனால் வேலை முடிந்த பிறகு வருகிறது. ஓட்டத்தில் அளக்கும் முயற்சி பிறந்ததே இந்த இடைவெளியில்தான்.

வெட்டாமல் அளக்கும் மூன்று வழிகள்

இதில் மூன்று குடும்பங்கள் உண்டு. முதலாவது விசையை அளப்பது. பிரஸ்ஸின் தூண்களிலோ இணைப்புத் தண்டுகளிலோ ஸ்ட்ரெய்ன் கேஜ் ஒட்டி, ஒவ்வொரு அடிக்கும் எத்தனை டன் ஏறுகிறது என்று பார்ப்பார்கள். டன்னேஜ் மானிட்டர் என்ற பெயரில் இது பல ஆலைகளில் ஏற்கெனவே இருக்கிறது. பிரஸ்ஸுக்கு அதிகச் சுமை ஏறாமல் காப்பதே அதன் முதல் வேலை.

இரண்டாவது காந்தமும் சுழல் மின்னோட்டமும். அடுக்கிலிருந்து தகட்டைத் தூக்கும் இடத்தில் ஒரு கம்பிச்சுருள் சென்சாரை வைத்து, மாறும் காந்தப்புலத்தைத் தகட்டுக்குள் செலுத்தி, திரும்பி வரும் குறியைப் படிப்பார்கள். ஜெர்மனியின் சார்புரூக்கனில் உள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் 3எம்ஏ என்ற பெயரில் இத்தகைய பல காந்த அளவுகளை ஒன்றாகச் சேர்த்துப் படிக்கும் முறையை வளர்த்தது. தகட்டைக் காந்தத் துடிப்பால் அடித்து, எஞ்சி நிற்கும் புலத்தை அளக்கும் இம்போக் கருவி ஐரோப்பாவின் துத்தநாகப் பூச்சு ஆலைகளில், தகடு ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்கப் பயன்படுகிறது. சூரிக்கில் உள்ள ஈ.டி.ஹெச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே எண்ணத்தை பிரஸ் ஷாப்புக்குள் கொண்டுவந்தார்கள். சமையலறைத் தொட்டிகளை வடிக்கும் வரிசையில் சுழல் மின்னோட்ட அளவையும் தகட்டின் ஓரம் உள்ளே நகரும் அளவையும் சேர்த்து, பிரஸ்ஸின் அழுத்தத்தைத் திருத்தும் முறையைச் சோதித்தார்கள்.

மூன்றாவது, அந்த ஓரம் உள்ளே நகர்வதையே நேராக அளப்பது. பஞ்ச் இறங்கும்போது பிளாங்க் ஹோல்டரின் பிடிக்குள் இருக்கும் தகட்டின் விளிம்பு உள்பக்கமாக இழுபடும். டையின் சில இடங்களில் லேசரோ கேமராவோ வைத்து அந்த நகர்வை மி.மீ. கணக்கில் பிடிக்கலாம். பட்டறையில் இதை ‘ட்ரா-இன்’ என்பார்கள்.

காந்தம் எப்படி வலிமையை அறியும்?

முதல் பார்வைக்கு இது மாயம்போலத் தோன்றலாம். ஆனால் இதற்குப் பின்னால் உறுதியான இயற்பியல் இருக்கிறது. இந்த முறையின் பலமே அதில்தான். இரும்பு வளைகிறது என்றால், அதன் படிகமணிகளுக்குள் அணு வரிசைகளின் பிசகுகள் நகர்கின்றன என்று பொருள். மணிகளின் எல்லைகள், உள்ளே சிதறிய நுண்துகள்கள், ஏற்கெனவே சிக்கிக் கிடக்கும் பிசகுகள் எல்லாம் அந்த நகர்வை மறிக்கும். மறிப்பு கூடினால் யீல்டு கூடும். மணி சிறுத்தால் வலிமை ஏறும் என்பதை ஹால் 1951-லும் பெட்ச் 1953-லும் காட்டினார்கள். இரும்பைக் காந்தமாக்கும்போது அதனுள் இருக்கும் சிறு காந்தப் பகுதிகளின் எல்லைச் சுவர்களும் நகர வேண்டும். அவற்றை மறிப்பவையும் அதே மணி எல்லைகளும் நுண்துகள்களும் பிசகுகளும்தான். எனவே வளைக்கக் கடினமான தகடு, பெரும்பாலும் காந்த நிலையை மாற்றிக்கொள்ளவும் முரண்டு பிடிக்கும்.

அதாவது இரண்டு குணங்களுக்கும் காரணம் ஒன்று. ஆகவே ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகிப்பது குருட்டு ஊகம் அல்ல. நொடிக்கும் குறைவான நேரத்தில், தகட்டில் ஒரு கீறல்கூட விழாமல், சுருளின் தொடக்கம் முதல் முடிவு வரை ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு குறி கிடைக்கிறது. சான்றிதழ் ஒரு புள்ளி வைத்த இடத்தில் இது ஒரு கோடு வரைந்துவிடுகிறது. புதுச் சுருள் ஏறியதும் கோடு சட்டென்று குதித்தால், ‘காயில் மாறிடுச்சு’ என்பது சாக்கா உண்மையா என்ற சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

இதில் நியாயத்தின் பக்கமும் ஒன்று உண்டு. ரிஜெக்‌ஷன் கூடும்போது பழி முதலில் விழுவது அந்த ஷிஃப்டில் நின்ற ஆபரேட்டர் மீதும் டை செட்டர் மீதும்தான். ஆலையின் சான்றிதழ் ‘தேர்ச்சி’ என்று சொல்லும்போது, அவர்கள் கையில் எதிர்வாதம் எதுவும் இருப்பதில்லை. தகடு மாறியதைத் தகட்டிலிருந்தே எடுத்த எண் காட்டினால், அது அவர்களுக்குக் கிடைக்கும் முதல் சாட்சி. உற்பத்திச் செலவுக் கணக்கில் ஏறாத இந்தப் பயனை நான் பெரிதாக மதிக்கிறேன்.

எவர்சில்வரும் கைக்காந்தமும்

குறைகளில் முதன்மையானது, கருவி அளப்பது ஒன்று, திரையில் காட்டுவது வேறொன்று என்பது. இதை நம் பாத்திரக் கடைகளிலேயே பார்க்கலாம். எவர்சில்வர் வாங்க வருபவர்கள் சிலர் சின்னக் காந்தம் ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டிப் பார்ப்பார்கள். ஒட்டாவிட்டால் ‘நல்ல எவர்சில்வர்’, ஒட்டினால் மட்டம் என்பது நம்பிக்கை. காந்தம் சொல்வது உண்மையில் ஒன்றே ஒன்றுதான்: காந்தத்தை ஈர்க்கும் படிக அமைப்பு அங்கே இருக்கிறதா, இல்லையா. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிச் செய்யும் 200 வரிசைத் தகடும் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் அதன் துருத் தாங்கும் திறன் 304 என்ற எவர்சில்வர் தரத்துக்குக் கீழேதான். ஆழமாக வடித்த 200 வரிசைப் பாத்திரம் சில நாள் கழித்துத் தானாகவே விளிம்பில் பிளப்பதும் உண்டு. மறுபுறம், நல்ல 304 தகட்டில் வடித்த பாத்திரத்தின் மூலையில் காந்தம் லேசாக ஒட்டும். குளிர்நிலையில் இழுபட்ட இடத்தில் படிக அமைப்பு, காந்தத்தை ஈர்க்கும் மார்ட்டன்சைட்டாக மாறியதே காரணம். ஆக, அந்தச் சோதனை மட்டமானதைத் தேற்றிவிட்டு நல்லதைச் சந்தேகிக்கிறது. காந்தத்தில் பிழை இல்லை. அதனிடம் கேட்ட கேள்விதான் பிழை.

பிரஸ் வரிசையில் நிற்கும் விலையுயர்ந்த சென்சாருக்கும் இதே இடர் உண்டு. திரையில் ‘யீல்டு 172 மெகாபாஸ்கல்’ என்று எழுதியிருக்கும். சென்சார் பார்த்தது மெகாபாஸ்கலை அல்ல, மின்காந்தக் குறியை. நடுவில் ஒரு சமன்பாடு இருக்கிறது. முன்பு சில பத்துத் தகடுகளை இழுப்பு எந்திரத்திலும் சென்சாரிலும் இரட்டையாகச் சோதித்து, இரண்டு எண்களையும் பொருத்தி எழுதிய சமன்பாடு அது. அந்தச் சமன்பாடு எந்த ஆலையின் எந்தத் தரத்துக்கு எழுதப்பட்டதோ அதற்கே பொருந்தும். அதே தரத்தை வேறு ஆலையிலிருந்து வாங்கினால், வேதியியல் சேர்மானமும் உருட்டும் முறையும் வேறாக இருக்கும். அதே யீல்டுக்கு வேறு காந்தக் குறி வரலாம். தசமப் புள்ளியோடு வரும் எண்ணைப் பார்த்ததும் இதை மறந்துவிடுவது எளிது.

குறியைக் கெடுக்கும் வேறு காரணங்களும் உண்டு. சென்சாருக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி அரை மி.மீ. மாறினாலே குறி மாறும். லேசாக வளைந்த தகட்டில் இது இயல்பாகவே நடக்கும். துத்தநாகப் பூச்சின் தடிமனும் அந்த இடைவெளியில் சேரும். வெப்பம் இன்னொன்று. சுழல் மின்னோட்டக் குறி சார்ந்திருக்கும் இரும்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ அரை விழுக்காடு கூடுகிறது. தகரக் கூரைக்கடியில் காலைக்கும் மதியத்துக்கும் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் என்றால், தகட்டின் வலிமை அப்படியே இருக்க மின்தடை மட்டும் ஆறு விழுக்காடு நகர்ந்துவிடும். வெப்பத்தைச் சேர்த்து அளந்து கழிக்காத கருவி, சித்திரை வெயிலைத் தகட்டின் குணமாகப் பதிவு செய்யும். ஆழமும் உண்டு. ஆயிரம் ஹெர்ட்ஸ் அளவில் புலம் சாதாரண உருக்கில் ஏறத்தாழ அரை மி.மீ. இறங்கும், அதிர்வெண்ணை நூறு மடங்கு ஏற்றினால் அந்த ஆழம் பத்தில் ஒன்றாகிவிடும். மேல்தோலை மட்டும் படித்துவிட்டு முழுத் தகட்டைப் பற்றிப் பேசும் அபாயம் இது.

கிழிசலைத் தீர்மானிப்பது எது?

இதைவிட ஆழமான குறை வேறு. விரிசலை முடிவு செய்யும் குணம் யீல்டு மட்டும் அன்று. இழுக்க இழுக்கத் தகடு எவ்வளவு இறுகிக்கொள்கிறது என்பதே பெரிய சங்கதி. நன்றாக இறுகும் தகடு, மெலியத் தொடங்கிய இடத்தில் பலம் கூட்டி, இழுப்பைப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். இறுகாத தகடு மெலிந்த இடத்திலேயே மேலும் மெலிந்து கிழியும். பட்டறை மொழியில் இது ‘என் வேல்யூ’. இழுபடும்போது தகடு தடிமனைக் கொடுக்கிறதா அகலத்தைக் கொடுக்கிறதா என்பது ‘ஆர் வேல்யூ’.

ஸ்டூவர்ட் கீலரும் அவரைத் தொடர்ந்து 1968-இல் குட்வினும் தகட்டில் சிறு வட்டங்களைப் பொறித்து அழுத்தி, அவை நீள்வட்டமாக மாறியதை அளந்து, எந்த அளவு இழுப்புக்கு மேல் தகடு கிழியும் என்ற எல்லைக்கோட்டை வரைந்தார்கள். அந்தக் கோட்டின் அடிப்புள்ளிக்குப் பின்னர் வந்த கீலர்–பிரேசியர் சமன்பாட்டைச் சாதாரண உருக்குக்குப் போட்டுப் பார்க்கலாம். 0.8 மி.மீ. தகட்டில் என் வேல்யூ 0.21 என்றால் தாங்கும் இழுப்பு ஏறத்தாழ 34.6 விழுக்காடு. அதுவே 0.18 ஆகக் குறைந்தால் 29.7. ஐந்து விழுக்காடு காவல் இடம் காணாமல் போய்விட்டது. கதவுத் தகட்டின் மூலை ஏற்கெனவே 28-இல் நின்றுகொண்டிருந்தால், அங்கே விரிசல் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

காந்தக் குறி யீல்டோடும் இழுவலிமையோடும் நெருங்கிப் பொருந்துகிறது. என் வேல்யூவோடும் ஆர் வேல்யூவோடும் அதன் உறவு தளர்வானது, சுற்றி வளைத்துச் செல்வது. சாதாரண உருக்கில் யீல்டு ஏறினால் என் வேல்யூ பெரும்பாலும் இறங்கும் என்பதால் மறைமுகமாக உதவி கிடைக்கிறது. ஆனால் விரிசலுக்கு மிக நெருங்கிய காரணத்தையே கருவி மிக மங்கலாகப் பார்க்கிறது என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும்.

வலிமை மிக்க புதிய உருக்குகளில் சிக்கல் இன்னும் கூடுகிறது. டூயல் ஃபேஸ் வகைத் தகட்டை வளைத்து எடுத்தபின் அது பின்னோக்கி விரியும் அளவு, அதன் மீள்மையைப் பொறுத்தது. அந்த மீள்மையோ வடிக்கும்போதே பத்து விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிடுகிறது. டைக்குள் நுழையும் முன் அளந்த எண்ணில் இது இருக்கவே முடியாது. 304 எவர்சில்வரிலும் மார்ட்டன்சைட் உருவாவது வடிக்கும் நேரத்து வெப்பத்தைப் பொறுத்தது. நுழையும் தகட்டைப் பற்றிய அறிவு எத்தனை துல்லியமாக இருந்தாலும், டைக்குள் நடப்பதைப் பற்றிய அறிவு ஆகிவிடாது.

தகட்டின் மீதே எல்லாப் பழியும் போடலாமா?

டையின் பக்கம் திரும்பினால், தகட்டுக் குணத்துக்குச் சமமான வலு உராய்வுக்கு உண்டு. தகட்டில் பூசி வரும் எண்ணெய் சதுர மீட்டருக்கு ஒரு கிராம் அளவில்தான் இருக்கும். சுருள் கிடங்கில் வாரக்கணக்கில் இருந்தால் அந்த எண்ணெய் கீழ்ப்பக்கத்துக்கு வடியும். ஒரு சுருளுக்குள்ளேயே ஓரிடம் ஈரமாகவும் ஓரிடம் காய்ந்தும் இருக்கும். வேலை தொடங்கும்போது குளிர்ந்திருந்த டை, நூறு இருநூறு அடிக்குப் பிறகு சூடேறும், உராய்வு மாறும். இதையெல்லாம் காந்த சென்சார் காணாது. விரிசல் வரும், திரையில் யீல்டு கோடு நேராக ஓடிக்கொண்டிருக்கும்.

டன்னேஜ் மானிட்டர் எல்லாவற்றையும் உணர்கிறது; ஆனால் எதையும் பிரித்துச் சொல்வதில்லை. தகடு 0.80-இலிருந்து 0.84 மி.மீ. ஆனால் விசை ஏறத்தாழ ஐந்து விழுக்காடு ஏறும். வலிமை ஐந்து விழுக்காடு கூடினாலும் அவ்வளவே ஏறும். எண்ணெய் காய்ந்தாலும் ஏறும். மூன்றுக்கும் ஒரே எண். மூலையில் விழும் சிறு விரிசலோ, டை முழுவதுக்குமான நூற்றுக்கணக்கான டன்னில் கரைந்து காணாமல் போய்விடும்.

ட்ரா-இன் அளவை இங்கேதான் நான் உயர்வாக மதிக்கிறேன். தகட்டின் வலிமை, தடிமன், எண்ணெய், டையின் சூடு, பிளாங்க் ஹோல்டரின் பிடி எல்லாம் சேர்ந்து அந்த மூலையில் என்ன விளைவித்தன என்பதை அது இடம்வாரியாகக் காட்டுகிறது. ஓரம் வழக்கத்தைவிடக் குறைவாக உள்ளே வந்தால், அந்த இடத்தில் தகடு அதிகம் இழுபட்டது, விரிசல் நெருங்குகிறது. அதிகமாக வந்தால் சுருக்கம் விழும். அனுபவம் உள்ள டை செட்டர் பேனலின் விளிம்பில் விழுந்த இழுவைக் கோட்டைப் பார்த்தே ‘இந்தப் பக்கம் பிடி இறுகிடுச்சு’ என்பார். கருவி செய்வது அவர் கண் செய்த அதே வேலையை, ஒவ்வொரு அடிக்கும், களைப்பில்லாமல். காரணத்தைப் பிரித்துச் சொல்ல இதற்கும் தெரியாது. அதோடு, அளவு வருவதற்குள் அந்தப் பேனல் ஆகிவிட்டது; திருத்தம் அடுத்ததற்குத்தான்.

எந்த மாற்றத்துக்கு எந்த அளவு

இந்த மூன்றையும் போட்டியாளர்களாக நிறுத்துவதே தவறு. பிரஸ்ஸில் நடக்கும் மாற்றங்கள் மூன்று வகை; ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவி பொருந்துகிறது. டை சூடேறுவது, எண்ணெய் படிப்படியாகக் குறைவது போன்றவை மெல்ல நகர்பவை. இவற்றுக்கு ட்ரா-இன் போதும். இந்தப் பேனலைப் பார்த்து அடுத்த பேனலைத் திருத்தலாம். சுருள் மாறுவது திடீர் மாற்றம். முதல் பத்துப் பேனல் கெட்ட பிறகு திருத்துவதைவிட, தகடு டைக்குள் போகுமுன்பே காந்த சென்சார் எச்சரிப்பது மேல். ஒட்டிக்கொண்டு வரும் இரட்டைத் தகடு, தடிமன் தப்பிய ஒற்றைத் தகடு ஆகியவை தனித்த விபத்துகள். அவற்றைத் திருத்த வேண்டியதே இல்லை, வாசலிலேயே நிறுத்தி ஒதுக்கினால் போதும். இரட்டைத் தகடு கண்டுபிடிக்கும் சென்சார் பல வரிசைகளில் ஏற்கெனவே இருக்கிறது.

செலவு செய்யும் வரிசையும் இதிலிருந்தே வருகிறது. முதலில் தடிமனும் ட்ரா-இன்னும், பிறகு எண்ணெய் அளவு, கடைசியில் காந்த சென்சார். பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. கண்ணுக்கு எட்டும் அளவுகளை விட்டுவிட்டு, ‘மெட்டீரியல் பிராப்பர்ட்டி’ என்ற பெயரின் கவர்ச்சியில் கடைசிப் படியை முதலில் வாங்கி வைக்கிறார்கள்.

அளந்த எண்ணைக் கொண்டு திருப்ப ஒரு கைப்பிடி வேண்டும் என்பதும் முக்கியம். குஷன் அழுத்தத்தை இடம்வாரியாக மாற்றக்கூடிய ஹைட்ராலிக் பிரஸ்ஸோ, வேகத்தை மாற்றக்கூடிய சர்வோ பிரஸ்ஸோ இருந்தால் எண்ணுக்கு மறுவினை உண்டு. நைட்ரஜன் சிலிண்டர் மீது நிற்கும் பழைய டையில், ஓட்டத்தின் நடுவே மாற்ற எதுவும் இல்லை. அங்கே சென்சார் செய்யக்கூடியதெல்லாம் விளக்கை எரியவிடுவதுதான். நான் பார்த்த ஓர் ஆலையில் அந்த விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. வரிசையும் ஓடிக்கொண்டே இருந்தது. எச்சரிக்கைக்குப் பின் யார் என்ன செய்ய வேண்டும் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. சில நாளில் விளக்கைப் பார்ப்பதையே ஆட்கள் விட்டுவிட்டார்கள்.

அடையாளம் தொலைவது இன்னொரு சிக்கல். சுருளைத் தனி வரிசையில் வெட்டி அடுக்கும்போது, முதலில் வெட்டிய தகடு அடியில் போய்விடும். கடைசியில் வெட்டியது மேலே வந்து பிரஸ்ஸுக்கு முதலில் போகும். அடுக்கைப் புரட்டினால் அந்த ஒழுங்கும் போயிற்று. இரண்டு சுருளின் மிச்சத் தகடுகளை ஒரே அடுக்கில் சேர்ப்பதும் நடக்கிறது. அளந்த எண் எந்தப் பேனலுக்குரியது என்று தெரியாவிட்டால், விரிசலுக்கும் எண்ணுக்கும் உறவு காண முடியாது. தகட்டின் ஓரத்தில் ஒரு குறியீட்டைப் பொறிக்கும் சாதாரண வேலையைச் செய்யாமல், கணினியைக் கற்கவிடுகிறோம் என்று பேசுவதில் பொருள் இல்லை. ஆயிரம் நல்ல பேனலுக்கு ஒன்றிரண்டு விரிசலே வரும் இடத்தில், அந்த ஒன்றிரண்டின் அடையாளமும் கலைந்துபோனால் கணினி கற்க என்ன இருக்கிறது?

சுருளோடு வர வேண்டியது

இத்தனை குறைகளுக்குப் பிறகும் இந்த வழக்கத்தை ஆதரிக்கிறேன். குறைகள் பெரும்பாலும் கருவியை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதிலேயே இருக்கின்றன. ‘இந்தத் தகட்டின் யீல்டு 172’ என்று அது சொன்னால் நம்ப வேண்டாம். ‘இந்தச் சுருள் நேற்றைய சுருளிலிருந்து இவ்வளவு விலகியிருக்கிறது’ என்று சொன்னால் காது கொடுக்க வேண்டும். விலகல் கண்ட இடத்தில் ஒரு துண்டை வெட்டி இழுப்பு எந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். அப்போது ஆய்வகச் சோதனை கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஏதோ ஒரு துண்டிலிருந்து வராது, சந்தேகம் எழுந்த இடத்திலிருந்தே வரும். அந்த விடை சமன்பாட்டையும் புதுப்பிக்கும். இரண்டும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டே போகும்.

ஆனால் அம்பத்தூரில் இரண்டு மூன்று பிரஸ் வைத்து, பெரிய நிறுவனத்துக்குப் பாகம் வடித்துக் கொடுக்கும் சிறு முதலாளியால் இதையெல்லாம் வாங்க முடியாது. தரத்துக்குத் தரம் சமன்பாடு எழுத அவரிடம் ஆளும் இல்லை, ஆய்வகமும் இல்லை. சுருள் மாறியதன் சுமை முழுவதும் அவர் தலையில்தான் விழுகிறது. பாகம் கெட்டால் அவருக்கே கழிவு. சுருளின் குணம் நீளவாக்கில் எப்படி மாறுகிறது என்பதை அறியும் வசதி உருக்காலையிடம்தான் இருக்கிறது. ஓட்டத்திலேயே அளக்கும் கருவி வைத்த ஆலைகள், முனையிலிருந்து முனைவரை அந்தக் கோட்டைப் பதிவு செய்கின்றன. வாங்குபவருக்கு அனுப்பும் சான்றிதழிலோ ஒரே ஒரு வரிதான் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒப்பந்தம் மாற வேண்டும். எந்த ஆலை சுருளை முழு நீளத்துக்கும் அளக்கிறதோ, அது அந்தப் பதிவைச் சுருளோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். பெரிய கார் நிறுவனங்கள் தங்கள் கொள்முதல் நிபந்தனையில் அதைக் கேட்க வேண்டும். தங்களுக்குப் பாகம் வடிக்கும் சிறு ஆலைகளுக்கும் அது போய்ச் சேர வேண்டும். அந்தக் கோடு கையில் இருந்தால், எந்த இடத்தில் குஷனைத் தளர்த்த வேண்டும், எந்த இடத்துத் தகட்டை எளிய பாகத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று சிறு பட்டறையின் டை செட்டரே முடிவு செய்துகொள்வார். அதற்கு அவருக்குப் புதுக் கருவி எதுவும் தேவையில்லை. ஏற்கெனவே அளந்து வைத்த எண்கள் கைக்கு வந்தால் போதும்.